பெயரில் மட்டும் அரிசி

என்னிடம் பழைய காலண்டர் தாள் ஒன்று பாதியாகக் கிழிந்த நிலையில் இருக்கிறது. முன்பக்கத்தில் 1944 என்ற ஆண்டு மட்டும் தப்பியிருக்கிறது. மாதத்தின் பெயர் கிழிந்த பாதியோடு போய்விட்டது. பின்பக்கத்தில் என் அக்கா வீட்டுக்காரர் பென்சிலால் எழுதியது:

"டாக்டர் சொன்னது. பழைய அரிசி நொய் அல்லது ஜவ்வரிசி, கஞ்சியாக மட்டும். கிழங்கு வகை அறவே கூடாது."

'அறவே' என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடுகள். அவர் திண்டிவனத்தில் தொடக்கப் பள்ளி வாத்தியார். கோடு போடாமல் அவருக்கு எதுவும் சொல்ல வராது. அதற்கும் கீழே தேதி. தேதியின் மேல் கஞ்சி சிந்தி, காய்ந்து, எழுத்தைத் தின்றுவிட்டது. எந்த நிகழ்ச்சிக்கும் தேதி தேடுகிறவள் நான். இந்த ஒன்றுக்கு மட்டும், சாம்பல் புதன் கழிந்து குருத்து ஞாயிறு வருவதற்கு முன் என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. தவக்காலம் என்பது உறுதி, ஏனென்றால் அம்மா அப்போது கறி சமைக்கவில்லை. தவக்காலம் என்பதாலா, கறி வாங்க வழியில்லை என்பதாலா என்று அப்பா கேட்டதும், "ரெண்டுத்துக்கும் சேர்த்துதான்" என்று அம்மா சொன்னதும் நினைவிருக்கிறது.

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவருக்கு விஷக்காய்ச்சல் வந்து இறங்கியிருந்தது. காய்ச்சலில் தப்பியவர் பசியில் போய்விடுவாரோ என்பதுதான் அக்காவின் பயம். அந்த மாதங்களில் ரேஷனில் போட்டது பெரும்பாலும் கேப்பையும் சோளமும். அரிசி என்ற பெயரில் வந்ததில் பாதி புழு, மீதி மக்கிப்போன முக்கல் வாடை. அதை நொய்யாக்கிக் கஞ்சி வைத்துக் கொடுத்தால் இரண்டு வாய்க்குள் வாந்தி. ஆக, டாக்டர் சொன்ன இரண்டில் ஜவ்வரிசி ஒன்றுதான் பாக்கி. அது மலேயா, ஜாவா பக்கத்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த பொருள். ஜப்பான்காரன் அந்தப் பக்கத்தைப் பிடித்ததிலிருந்து வரத்து நின்றுபோயிருந்தது. எங்கள் ஊரான விழுப்புரத்தின் கடைத்தெருவில் நான் கேட்காத கடை இல்லை. கடைசியாகக் கேட்ட கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஜவ்வரிசியை ஜப்பான்காரன்கிட்டதான் கேக்கணும். கேட்டுக்கினு வந்தா எனக்கும் ரெண்டு படி சொல்லிடும்மா."

எங்கள் வீட்டில் இல்லாதது ஜவ்வரிசி. இருந்தது மரவள்ளிக் கிழங்கு. எங்கள் பக்கத்தில் அதைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். முகையூரில் அம்மாவின் தம்பிக்குக் கூலிக்குப் பதிலாகக் கிழங்கைத்தான் அளந்தார்கள். அவர் தின்ன முடிந்ததைத் தின்றுவிட்டு மிச்சத்தைச் சாக்கில் கட்டி எங்களுக்குக் கொண்டுவந்து போடுவார். அம்மா அதை எல்லா விதமாகவும் சமைத்துப் பார்த்திருந்தாள். முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு உப்புப் போட்டு அவித்து, பூண்டும் மிளகாயும் இடித்துச் சேர்ப்பது சாதாரண நாளுக்கு. துருவிப் பிழிந்து புட்டாக அவிப்பது விருந்தாளி வந்தால். ஒருமுறை இட்லியும் வார்த்தாள். அது துணியை விடவில்லை. துணியோடு தட்டில் வைத்தாள். அப்பா ஒரு பக்கமாக உரித்துக்கொண்டே தின்று, கடைசியில், "துணி நல்லா வெந்திருக்குது" என்றார்.

அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். சேலம் பக்கத்துக் கூட்ஸ் கார்டு ஒருவர் வண்டி நிற்கும்போது அவரிடம் ஊர்க்கதை பேசுவார். அவர்தான் சொன்னாராம்: "எங்க பக்கம் இப்ப குச்சிக்கிழங்குலயே ஜவ்வரிசி பண்றாங்க. வீட்லயே பண்ணலாம்." செய்முறையைக் கேட்டதற்கு, துருவி, தண்ணீர் விட்டுப் பிழிந்து, பாலைத் தெளிய வை என்பது வரை சொன்னார். அதற்குள் சிக்னல் இறங்கிவிட்டது. கார்டு பச்சைக் கொடியை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

அப்பா வீட்டுக்கு வந்து தெரிந்ததைச் சொன்னார். அம்மா மண்ணெண்ணெய் டின் தகட்டில் ஆணியால் ஓட்டை போட்டுத் துருவி, பழைய வேட்டியில் பிழிந்து, பாலைத் தெளிய வைத்தாள். அடியில் சுண்ணாம்பு போல் வெள்ளையாக மாவு படிந்தது. அதற்கு மேல் என்ன செய்வது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கார்டு அடுத்து எப்போது வருவார் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கும் தெரியாது. யுத்தக் காலத்துக் கூட்ஸ் வண்டிக்கு அட்டவணை கிடையாது. புளித்துவிடக் கூடாதென்று அம்மா காலையும் மாலையும் தண்ணீரை மாற்றினாள். ஒரு கட்டத்தில், "அந்தாளு வர்றவரைக்கும் நான் இதுக்குத் தண்ணி மாத்திக்கினே இருக்கணுமா? பெத்த புள்ளைக்குக் கூட இவ்ளோ பண்ணலியே" என்றாள்.

கார்டு வந்தார். இரண்டாம் பாகத்தையும் சொன்னார். ஈர மாவைச் சல்லடையில் தேய்த்து, ஒரு துணியில் தூளி மாதிரிக் கட்டி ஆட்ட வேண்டும்; ஆட்ட ஆட்ட மாவு உருண்டு மணியாகும். அப்புறம் லேசாக எண்ணெய் தடவிய சட்டியில் வறுத்து வெயிலில் காய வைக்க வேண்டும். வறுக்கும் பதம் என்ன என்று அப்பா கேட்கும் முன் வண்டி நகர்ந்துவிட்டது. அதன் விளைவு பின்னால் வருகிறது.

தூளி கட்டத் தனியாக இடம் தேட வேண்டியதில்லை. எங்களை எல்லாம் போட்டு ஆட்டிய கொக்கி உத்தரத்தில் இருந்தது. அம்மா தன் பழைய புடவையைக் கட்டி மாவைக் கொட்டினாள். ஆட்டுகிற வேலை எனக்கு. நான் அப்போது ஆசிரியப் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன், கல்யாணம் ஆகவில்லை. கதவு திறந்திருந்தது. ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீடு முதல் வீடு. தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் எல்லாம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

முதலில் ஒருத்தி நின்றாள். பிறகு அவள் குடத்தை இறக்கி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அடுத்த வீட்டுக்காரி, குடியிருப்பில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவள், நேராக உள்ளே வந்தாள். அம்மா பின்பக்கம் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

"தூங்கிடுச்சா?" என்று என்னிடம் தணிந்த குரலில் கேட்டாள்.

"எது?"

"அழவே காணோமே. நல்ல சாது போல கீது."

"அக்கா, இது ஜவ்வரிசி."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். "பேரு கூட வச்சிட்டீங்களா" என்றாள்.

நான் புடவையை விலக்கிக் காட்டினேன். அவள் கையை விட்டு அளைந்து பார்த்து, ஒரு மணியை வாயில் போட்டு, துப்பினாள். சந்தேகம் தீர்ந்ததில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். போகிற போக்கில் வாசலில் நின்றவர்களிடம், "ஒண்ணுமில்ல, மாவுக்குத் தாலாட்டு பாடறாங்க" என்றாள். நான் பாடவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே ஜங்ஷன் முழுவதும் அப்பாவிடம், "வீட்ல மாவு சௌக்கியமா?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை இது நிற்கவில்லை.

மணிகள் உருண்டன. எல்லாம் ஒரே அளவாக உருளவில்லை. கடுகு அளவில் சில, மிளகு அளவில் சில. சில சிறிய சுண்டைக்காயை எட்டின. அம்மா வறுத்துக் காய வைத்து ஒரு துணிப்பையில் கட்டினாள். திண்டிவனத்துக்குப் புறப்படும்போது என்னைப் பிடித்து நிறுத்தி எச்சரித்தாள்.

"அங்க வந்து கிழங்குன்னு வாயைத் தொறந்தா பாத்துக்க. ஒங்க மாமா காதுல வுழுந்துச்சு, ஒரு முழுங்கு குடிக்கமாட்டாரு. டாக்டர் கூடாதுன்னா கூடாதும்பாரு. ஜவ்வரிசின்னே சொல்லு. யாரு கேட்டாலும் ஜவ்வரிசி."

கேட்டது திண்டிவனம் ஸ்டேஷன் வாசலில் நின்ற அரிசி சோதனைக்காரர். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ரயிலில் அரிசி கொண்டுபோகக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்த காலம். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரியின் எல்லை பக்கத்தில் இருந்ததால் எங்கள் லைனில் கெடுபிடி அதிகம். நடுவயதுக்காரர், காக்கிச் சட்டை, நாள் முழுக்க எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி உரத்துப்போன குரல்.

"பையில என்னா?"

"ஜவ்வரிசிங்க" என்றேன்.

"அரிசியா?"

"அரிசி இல்லீங்க. ஜவ்வரிசி."

"அதான் கேக்கறேன். பச்சரிசின்னா அரிசி. புழுங்கலரிசின்னா அரிசி. ஜவ்வரிசி மட்டும் என்னா பாவம் பண்ணுச்சு?"

பையைப் பிரித்துப் பார்த்தார். கடையில் விற்ற ஜவ்வரிசி ஒரே அளவில் முத்துப் போல் இருக்கும். அதை அவர் பார்த்திருப்பார். எங்களுடையது அப்படி இல்லை. "ஜவ்வரிசி கப்பல்ல வர்றது. கப்பல் வந்து வருஷக் கணக்காவுது. இது என்னா, நொய்யும் குருணையுமா கலந்துக்கினு எனக்கே வேடிக்கை காட்டறீங்களா?"

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். மாமாவின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அவர் அருகில் போய், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிற குரலில் சொன்னாள்: "ஐயா, இது கிழங்குங்க. குச்சிக்கிழங்கு. வீட்ல பண்ணது."

"கிழங்கா? கிழங்கு எப்படிம்மா உருண்டையா இருக்கும்?"

"தூளியில போட்டு ஆட்டினோம்."

இந்த வாக்குமூலத்தால் நிலைமை மோசமாகிவிட்டது. கிழங்கைத் தூளியில் போட்டு ஆட்டினார்கள் என்று தன் மேலதிகாரியிடம் சொல்ல முடியுமா என்று அவர் யோசித்தது முகத்தில் தெரிந்தது. அம்மா விடவில்லை. மருமகன் கிடக்கிற கிடையைச் சொன்னாள். வெந்தால் அரிசி வெள்ளையாகவே இருக்கும், ஜவ்வரிசி கண்ணாடியாகிவிடும், வேக வைத்துப் பாருங்கள் என்றாள். அவர் ஸ்டேஷன் வாசல் காபிக் கடையைக் காட்டினார். காபிக் கடைக்காரர் பைக்குள் பார்த்துவிட்டு, தன் பாத்திரம் இதற்குப் பிறகு தேறாது என்று மறுத்தார். கடைசியில் சோதனைக்காரரே, "வீடு எங்க?" என்றார். அடுத்த வண்டிக்கு நேரம் இருந்தது. பையைத் தானே தூக்கிக்கொண்டு எங்களோடு நடந்தார். பையை எங்களிடம் கொடுக்க அவருக்கு இன்னும் மனம் வரவில்லை.

அக்காவின் வீடு ஒரே அறை. மறைப்புக்கு நடுவில் தொங்கவிட்ட ஒரு பாய். பாய்க்கு அந்தப் பக்கம் கட்டிலில் மாமா, இந்தப் பக்கம் அடுப்பு. அக்கா மெலிந்திருந்தாள். எங்களையும், பின்னால் காக்கிச் சட்டையையும் பார்த்து அவள் முகம் வெளுத்தது. அம்மா சைகையாலேயே விஷயத்தைச் சொல்லி, பானையில் தண்ணீர் வைத்து, இரண்டு கைப்பிடி போட்டாள். சோதனைக்காரர் அடுப்பின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்தார்.

வறுக்கும் பதம் தெரியாமல் வறுத்ததன் விளைவு இப்போது வந்தது. சிறிய மணிகள் கரைந்து கூழாயின. நடுத்தரமானவை கண்ணாடியாயின. சுண்டைக்காய் அளவு மணிகள் மட்டும் வெளியே கண்ணாடியும் உள்ளே வெள்ளைப் புள்ளியுமாக மிதந்தன.

"நடுவுல வெள்ளை நிக்குதே" என்றார் சோதனைக்காரர்.

"வேவலீங்க. இன்னும் கொஞ்சம்."

"அந்த வெள்ளை அரிசி இல்லியா?"

"அரிசிக்கு மேல கண்ணாடிய யாருங்க சுத்துவாங்க?" என்று அம்மா மெல்லிய குரலில் கேட்டாள்.

அவர் அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கரண்டியில் ஒன்றை எடுத்து ஊதி வாயில் போட்டார். மென்றார். இன்னொன்றை எடுத்தார். அவர் முகம் தெளிந்தது. பிறகு, பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கிற தன் வழக்கமான குரலில் தீர்ப்புச் சொன்னார்:

"கிழங்குதாம்மா. சுத்தமான கிழங்கு. சந்தேகமே இல்ல."

பாய்க்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. "என்னா கிழங்கு?" என்று மாமாவின் குரல் வந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல மாப்ளே, ஜவ்வரிசி கஞ்சி."

"அவரு கிழங்குன்னாரே."

"கிழங்குதாங்க" என்றார் சோதனைக்காரர், நோயாளிக்கு நல்ல செய்தி சொல்கிற உற்சாகத்தோடு. "பயப்படாதீங்க, கேஸ் ஒண்ணும் இல்ல. அரிசியா இருந்தாதான் புடிக்கணும்."

மாமா யோசித்தது எனக்கு இப்போதும் புரிகிறது. கிழங்கு என்றால் அவருக்குக் கூடாது. ஆகவே அது கிழங்காக இருக்கக் கூடாது. வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில், பலவீனத்தால் நடுங்கிக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஐயா, சொல்லைப் பாருங்க. ஜாவா, அரிசி. சேந்து ஜவ்வரிசி. பேர்லயே அரிசி இருக்குது. அரிசி எப்படிங்க கிழங்காவும்?"

"சார், நான் தின்னு பாத்தேன். கிழங்கு."

"அரிசிங்க."

"கிழங்கு சார்."

"நான் வாத்தியாருங்க. சொல்றேன், அது அரிசி."

"நீங்க அரிசின்னு சொன்னா நான் பையை எடுத்துக்கினு போயி கேஸு எழுதணும் சார். ஒங்க மாமியாரைப் பேஜாரு பண்ணாதீங்க. கிழங்குன்னு சொல்லுங்க."

"அறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"எதை?"

"கிழங்கை."

இந்த இடத்தில்தான் சோதனைக்காரருக்கு விஷயம் விளங்கியது. அம்மாவைப் பார்த்தார். அம்மா இரண்டு கைகளையும் பிசைந்துகொண்டு நின்றாள். கிழங்கு என்றால் மருமகன் பட்டினி. அரிசி என்றால் பையும் போய், கேஸும் வரும். பிற்காலத்தில் நான் ஒரு தாவர நூலில் படித்தேன், கப்பலில் வந்த பழைய ஜவ்வரிசி பெரும்பாலும் கிழங்கும் அல்ல, அரிசியும் அல்ல. ஒருவகைப் பனையின் உட்சோற்றிலிருந்து எடுத்தது. அன்று அந்த அறையில் வாதாடிய இருவரில் ஒருவரும் மரத்தின் பக்கம் போகவில்லை.

சோதனைக்காரர் எழுந்து போயிருக்கலாம். அவர் போகவில்லை. காலையிலிருந்து ஸ்டேஷனில் நின்றவர். பானை எதிரே கொதித்துக்கொண்டிருந்தது. "மறுபடி பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, அக்கா நீட்டிய கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். அம்மா வெல்லம் தட்டிப் போட்டாள். அவர் உறிஞ்சினார். ஒரே அறை, நடுவில் பாய். அந்தச் சத்தம் மாமா கட்டிலுக்குப் போகாமல் வேறு எங்கே போகும்? இரண்டாம் கிண்ணம். சோதனைக்காரர் சோதனையில் மூழ்கிவிட்டார்.

"அங்க என்னா, எல்லாத்தையும் அவரே குடிச்சிடுவாரா?" என்று பாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

"ஒங்களுக்குதான் கிழங்கு கூடாதே" என்றாள் அக்கா. அவள் குரலில் அழுகையும் இருந்தது, வேறு எதுவோ ஒன்றும் இருந்தது.

"அரிசின்னு சொன்னேன் இல்ல?"

"அரிசின்னா அவரு எடுத்துக்கினு போயிடுவாரு."

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அடுப்படியில் இன்னொரு சின்னச் சட்டியும் இருந்தது. அதில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. ஒரு டம்ளரில் எதையோ வடிகட்டி, ஆட்டுப்பாலை நிறைய ஊற்றி, முழுக்க வெள்ளையாக்கி, பாயை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"இது வேற. பின்வீட்டு அம்மா பழைய அரிசி நொய்யி ஒரு பிடி குடுத்தாங்க. ஒங்களுக்குன்னு தனியா வச்சது. குடிங்க."

மாமா குடித்தார். டம்ளரை வாங்க நான் உள்ளே போனபோது, இந்தக் காலண்டர் தாள் அவர் மடியில் இருந்தது. அதன் மேல் கொஞ்சம் சிந்தியிருந்தது. வாந்தி வரவில்லை. பொழுது சாய்வதற்குள் இன்னொரு டம்ளர் கேட்டார். குருத்து ஞாயிறன்று கோயிலுக்குத் தானே நடந்து போனதாக அக்கா எழுதினாள்.

சோதனைக்காரர் புறப்படும்போது பையை அம்மா கையில் கொடுத்தார். "அடுத்த தடவை வந்தா கிழங்குன்னே சொல்லுங்க, ஜவ்வரிசின்னு சொல்லாதீங்க" என்றார். பிறகு தயங்கி, தன் வீட்டுக்காரிக்குக் காட்டவென்று ஒரு பிடி கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று, "தூளி எவ்ளோ நேரம் ஆட்டணும்?" என்று என்னிடம் கேட்டார்.

அன்று டம்ளரில் ஊற்றியது எதை என்று அக்காவிடம் பல ஆண்டுகள் கழித்துக் கேட்டேன். முதல் தடவை, நொய்தான் என்றாள். அடுத்த தடவை, "பின்வீட்ல அந்தக் காலத்துல ஏதுடி பழைய அரிசி" என்று சிரித்தாள். மூன்றாம் தடவை, மாமா அறைக்குள் இருந்தார். கேட்காதே என்று கண்ணைக் காட்டினாள். மாமா கடைசி வரை, தான் ஆயுளில் கிழங்கால் பிழைத்தவன் அல்ல என்றே சொல்லிவந்தார். அம்மாவின் பையில் எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து கணக்கிடவும் வழியில்லை. சோதனைக்காரர் குடித்தது பெரும்பகுதி.

நான் ஆசிரியையான பிறகு, பள்ளிச் சோதனைச் சாலையிலிருந்து ஒரு சொட்டு அயோடின் கொண்டுவந்து, தாளில் கஞ்சி சிந்திய ஓரத்தில் விட்டேன். நீலமாயிற்று. மாவுப் பொருள் என்பது அதனால் தெரிகிறது. ஆனால் அயோடினுக்கு அரிசியும் ஒரே நீலம், மரவள்ளியும் ஒரே நீலம். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும் என்கிறார்கள். எங்கள் பள்ளியில் இருந்ததற்கு லென்ஸ் இல்லை. ஆகவே, அன்று அந்த டம்ளரில் இருந்தது எது என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை.